தாப்பா போடாத கதவு

என் அக்கா வீட்டைவிட்டுப் போனதில் மச்சானுக்கு நட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். அதுவரை அவர் பாடினால் சனம் டீ குடிக்க எழுந்து போகும். அவளை நினைத்து ஒரு நாட்டுப்பாட்டுக் கட்டினார். அன்றிலிருந்து அவர் காட்டில் மழை.

"கதவத் தாப்பா போடலடி, காத்திருக்கேன் வந்திரடி."

இந்த வரியில் கண்ணை மூடிக்கொள்வார். அரங்கமே மூக்கைச் சிந்தும். பக்கத்தில் மேளம் அடிக்கும் நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பாட்டில் அவள் கொட்டும் மழையில் அழுதுகொண்டே போகிறாள். உண்மையில் அன்று நல்ல வெயில். முதல் நாள் காய்ச்சலில் கிடந்தவள் மாத்திரை கேட்டாள். "கொஞ்சம் இரு, சுருதி சேரல" என்றார் மச்சான். சாயங்காலமும் அதே பதில். மறுநாள் தானே எழுந்து போய் மாத்திரை வாங்கியவள், அப்படியே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஒரு வருடமாக ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டவர், அவளுக்கு ஒரு போன் போடவில்லை. கேட்டால், "அதான் பாட்டுலயே சொல்லிட்டேனே மாப்ளே" என்பார். மனுஷன் நிஜமாகவே ஏங்கினார், அதை மறுக்க மாட்டேன். அவள் தலையணையை யாரையும் தொட விடமாட்டார்.

போன வாரக் கச்சேரியில், மேடைத் திரை ஓரமாக, கையில் பையோடு அக்கா வந்து நின்றாள். அவர் பாடிக்கொண்டிருந்தார்.

"ரேடியோல கேட்டேன். மனசு கேக்கல, நேரா வீட்டுக்குப் போனேன்" என்று என் காதருகே குனிந்தாள். "பூட்ட மாத்திட்டாரா? என் சாவி உள்ளயே போகல."

மாற்றித்தான் இருந்தார். அந்தப் பாட்டுக்குக் கிடைத்த கேடயங்கள் களவு போய்விடுமே.

"சரி, பாட்டு முடியட்டும்" என்றாள்.

பாட்டை முடிக்க ஓர் அடி உண்டு. நான் அதை அடித்தால் பாடகர் நிறுத்த வேண்டும். அடித்தேன். கண்ணை மூடியிருந்தவர், எனக்கு உற்சாகம் பொங்குகிறது என்று நினைத்து இன்னொரு சுற்று எடுத்தார். மறுபடி அடித்தேன், இன்னும் உருகினார். கடுப்பில் குச்சியைக் கீழே போட்டேன். தனிக்குரல் ஒலித்ததும் சனம் செல்போன் விளக்கை உயர்த்தி ஆட்ட ஆரம்பித்தது.

அக்கா பையைத் தூக்கினாள். "முடியிற பாட்டு மாதிரி தெரியல" என்று போய்விட்டாள்.

கைதட்டல் எழுந்தபோதுதான் மச்சான் கண் திறந்தார்.

"அக்கா வந்திருந்தா மச்சான். இப்பத்தான் போறா. ஓடுங்க."

அவர் செருப்புகூட மாட்டாமல் பின்வாசலுக்கு ஓடினார். நானும் ஓடினேன். கதவில் கை வைத்தார். உள்ளே சனம் "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று கத்தியது. கை கதவிலேயே நின்றது.

"ஒரே ஒரு தடவ, மாப்ளே" என்றார். "அவ மெதுவாத்தான் நடப்பா."

அவர் மேடைக்குத் திரும்ப, நான் தெருவுக்கு ஓடினேன். அவர் சொன்னது சரிதான். அக்கா தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. ஒலிபெருக்கியில் மறுபடியும் கதவு தாப்பா போடாமல் கிடந்தது. என் காலடிச் சத்தம் கேட்டுச் சட்டென்று திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.