வாளிக்குள் துணி

கூரைக்காரி என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். ஏணியில் கால் வைத்துவிட்டால் எவர் பேச்சுக்கும் இறங்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவள், மாமியார் வீட்டின் ஒழுகல் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுத் தகர ஷீட் போட்டாள். போட்டதோடு வாய் சும்மா இருந்ததா?

"ஒரு சொட்டு ஒழுகினாலும் இந்தத் தொழிலையே விட்டுடறேன் அத்தை."

"விட்டுட்டு வீட்டோட இரு. நானும் அதைத்தானே இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்," என்றாள் மாமியார்.

முதல் பெருமழை ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டு கொட்டியது. தகரத்தின் மேல் விழும் அந்தச் சத்தத்தை ரசித்தபடி கூரைக்காரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்படி வாசலில் டொக்கென்று ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள்.

மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்தினாள். பழைய வாளியை எடுத்து வந்து சொட்டுக்கு நேரே வைத்து, அதற்குள் ஒரு துணியையும் மடித்துப் போட்டாள். நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை. இந்த மௌனம்தான் கூரைக்காரியைக் குத்தியது.

ஆனாலும் தன் வேலை மேல் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. மழை விட்டு, வெயில் அடித்து, தகரம் காய்ந்ததும் ஏணியைச் சாத்தினாள்.

மேலே போய்ப் பார்த்தால் அநியாயம். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அடியில் இருந்த ரப்பர் வளையம் நசுங்கிப் பிதுங்கி, சில இடங்களில் வெடித்தே போயிருந்தது. ரப்பர் லேசாக அமுங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் தண்ணீருக்கு நாமே வழி விட்ட கதைதான். அவள் கை அப்படி முறுக்காது. கீழே ஏணியைப் பிடித்திருந்த புருஷனைப் பார்த்தாள். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும் மனுஷன்.

"நீங்களா மேல ஏறினீங்க?"

"நீ வேலைக்குப் போயிருந்தப்போ... காத்து பலமா வரும்னாங்க. ஒவ்வொண்ணையும் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். ஷீட்டு பிச்சுக்கிட்டுப் போனா உனக்குத்தானே கெட்ட பேரு?"

அவளுக்குக் கோபம் வந்தது. பயந்து பயந்து கூரை முழுக்க இவன் தவழ்ந்திருப்பதை நினைத்ததும் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"நல்லாக் காப்பாத்தினீங்க போங்க," என்றாள்.

பேச்சுச் சத்தம் கேட்டு மாமியார் வெளியே வந்தாள். மகன் மென்று முழுங்கி எல்லாவற்றையும் சொன்னான்.

"தொழிலை விடறதுன்னா நீ விடுடா முதல்ல," என்றாள். பிறகு அண்ணாந்து மருமகளைப் பார்த்தாள். "எல்லாத்தையும் மாத்திட்டுத்தான் நீ இறங்கணும். பக்கத்து வீட்டம்மா அவ கூரைக்கு ஆள் தேடறா. என் மருமக போட்டா ஒரு சொட்டு ஒழுகாதுன்னு நேத்துதான் அடிச்சுச் சொல்லிட்டு வந்தேன்."

"அதுக்குத்தான் ஜன்னலைச் சாத்தினீங்களா?"

"பின்னே? சொட்டுற சத்தம் அவ காதுல விழுந்தா என் மானம் என்ன ஆகிறது? வாளியில துணி எதுக்குப் போட்டேன்னு நினைச்சே?"

கூரைக்காரி குனிந்து முதல் ஸ்க்ரூவைக் கழற்றினாள்.

"அந்த வாளியை மேல குடுங்க அத்தை," என்றாள். "கழட்டினதைப் போட ஒண்ணு வேணும்."