வெளித் தாழ்ப்பாள்

பேருந்து நிலையத்துத் தூணடியில் பல வருஷம் குடியிருந்த ஜெனரலுக்கு ஒருவழியாக ஒரு மாடியறை கிடைத்தது. பட்டாளத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பஸ்களுக்குச் சல்யூட் வைப்பார், அவ்வளவுதான். தலைக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரில், மாத்திரைக்குப் பின் ஒருவர்தான் மிச்சம். அவரும் இப்போது மரியாதையாகத்தான் பேசுகிறார்.

அறையைப் பார்த்துக் கொடுத்தவள், தெருவில் கிடப்பவர்களுக்கு வைத்தியமும் வீடும் தேடித் தரும் பணியாளர். ஜெனரல் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

போய்ப் பார்த்தால், கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இல்லை. வெளியே புத்தம் புதிதாக ஒன்று, யானையைக் கட்டலாம்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் வீட்டுக்காரர். "இவருக்கு திடீர்னு ஏதாச்சும் ஆச்சுன்னா வெளியிலேருந்து போட்டுக்கலாம்னு. ஒரு பாதுகாப்புக்கு."

"யாருக்கு?" என்றார் ஜெனரல்.

கூடப்பிறந்த அண்ணனே வெளியில் தாழ்ப்பாள் போட்டு வைத்த வீட்டிலிருந்து கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு தெருவுக்கு வந்தவர் அவர்.

"கழட்டிடுங்க சார்," என்றாள் தங்கச்சி.

"அப்ப வேற இடம் பாத்துக்குங்க."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இது போச்சுன்னா வேற ரூம் இல்லண்ணா."

"ரூம் வேணும். தாழ்ப்பாள் வேணாம்," என்ற ஜெனரல் சட்டைப்பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தார். அதன் காம்பால் திருகத் திருக, ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் கீல் மொத்தமும் கையோடு வந்துவிட்டது. கதவைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கி, வாசலுக்கு நேரே தெருவில் போட்டு, அதன்மேல் கால்மேல் கால் போட்டுப் படுத்தார்.

"என்னய்யா இது?" என்றது தெருவில் கூடிய கூட்டம்.

"இவரு கதவ வெளியிலேருந்து பூட்டணுமாம். அதான் வெளியிலயே கொண்டாந்துட்டேன். வந்து பூட்டிக்கட்டும்."

தெருநாய்கூடச் சிரித்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரரின் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஒருத்தரப் பாத்துப் பயந்தா வெளியில தாழ்ப்பாள் போடணும்னா, மொதல்ல உங்களுக்குத்தான் போடணும். கல்யாணமானதுலேருந்து நான் பயந்துக்கிட்டுதான இருக்கேன். போங்க, ஸ்க்ரூ டிரைவரை எடுங்க."

தாழ்ப்பாள் உள்பக்கம் இடம் மாறியது. கதவு மாடியேறியது.

சாயங்காலம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"வீட்டுக்காரன்."

ஜெனரல் உள்ளே தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். யாரையும் நிறுத்திவைக்க இத்தனை வருஷம் அவருக்கு ஒரு கதவு இருந்ததில்லை.

"இப்ப வசதிப்படாதுங்க. நாளைக்கு வாங்க."