முப்பதாம் பக்கத்து மழை

மழையை நம்பிப் புழுதியில் உளுந்து விதைத்துப் பதினெட்டு நாளாயிற்று. வானம் ஒரு பொட்டுக்கூடப் போடவில்லை. பிரேமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து அலுத்துப்போய், நூலகத்தில் எடுத்துவந்த நாவலை விரித்தாள். அதில் விடாத அடைமழை. அவள் முகம் தெளிந்தது.

புருஷன் கார்த்திகேசன் செல்போனில் வானிலையைத் தடவித் தடவிப் பார்த்து வைதுகொண்டிருந்தான்.

“என்னட்டி சிரிக்க?”

“மழை ஊத்துது.”

செல்போனைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான். வெயில் மண்டையைப் பிளந்தது.

“எங்கனட்டி ஊத்துது?”

“முப்பதாம் பக்கத்துல.”

பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவன், அந்தப் பக்கத்தையே வெறித்தபடி நின்றான். பிறகு அவளருகில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“சத்தமா வாசி. மண்ணுக்குள்ள கெடக்குத உளுந்துக்கும் கேக்கட்டும்.”