காடை என்றுதான் சொன்னார்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. துவாக்குடியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் போனில் யாரிடமோ பேசிக்கொண்டு வந்தாள். "காடைன்னுதான்டி சொன்னாரு. காடை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இது வேறடி." அதோடு பால்பண்ணையில் இறங்கிவிட்டாள். பின்னாலேயே இறங்கி, "மீதியையும் சொல்லிட்டுப் போம்மா" என்று கேட்டிருக்கலாம். மானம் போய்விடுமே என்று உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள் மீதியை நானே நிரப்பிக்கொண்டேன்.

ஆக, அந்தப் பேச்சு மட்டும்தான் அசல். மற்றதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "மரத்தில் தலைகீழாகத் தொங்கிய அந்தக் கரிய மூட்டைகளைப் பார்த்ததுமே அவளுக்குக் குமட்டிக்கொண்டு—"

விட்டுவிட்டேன். குமட்டியது அவளுக்கு இல்லை, எனக்கு. கறி என்றால் எங்கள் வீட்டில் வாழைக்காய்தான். என் கணவர் அழகிரி அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முட்டையைக்கூடத் தொட்டதில்லை நீ. வௌவால் கறியைப் பத்தி எழுதறியா?"

"உடம்புக்கு ஆபத்துன்னு எழுதறேன். தப்பா?"

"ஆபத்துன்னு எழுதறியா, அசிங்கம்னு எழுதறியா? ரெண்டையும் போட்டுக் குழப்பிண்டிருக்கே."

கோபம் வந்தது. மனுஷர் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

இரண்டாவது தொடக்கத்தில் உலகத்தையே சுற்றினேன். குவாம் தீவில் வௌவாலை விருந்துக்குத் தேங்காய்ப்பாலில் முழுசாக வேகவைப்பார்கள். இந்தோனேசியாவின் வடக்குச் சுலவேசியில் மிளகாய் தூக்கலாக இருக்கும். செஷல்ஸ் தீவுகளில் மசாலாக் குழம்பு. மேற்கு ஆப்பிரிக்காவில் சில இடங்களில் புகை போட்டு வைப்பார்கள். நம் பக்கத்துச் சில ஊர்களில் அது விருந்து இல்லை, மருந்து. மூச்சிழுப்புக்குக் கொடுப்பார்கள். குவாமில் ஒரு காலத்தில் ஒருவகை நரம்பு நோய் நிறையப் பேருக்கு வந்தது. வௌவால் தின்ற விதைகளின் நஞ்சு கறி வழியாக மனிதருக்கு வந்ததோ என்று சில ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள், சந்தேகம் இன்றுவரை தீரவில்லை, எனவே நாம் அறிய வேண்டியது என்னவென்றால்—

பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம் போலிருந்தது. இதையும் விட்டேன். படித்ததில் ஒரே ஒரு தகவலை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்தாம் பகுதியில் அது வேண்டியிருக்கும்.

3

இந்தத் தொடக்கம் நிற்கும் என்று நினைக்கிறேன்.

உமாமகேஸ்வரிக்கு முப்பத்தாறு வயது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். விரித்த சேலையை மடித்து மடித்துத் தூசி நெஞ்சுக்குள் போயிற்றோ, பிறவியிலேயே அப்படியோ, ஐந்து வருடமாக மூச்சிழுப்பு. மழைக்காலத்தில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். கணவர் காத்தமுத்து துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் தகடு வெட்டுகிறார். நல்ல மனிதர்தான். (இந்த "தான்" எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. இருக்கட்டும்.)

சமையலறைப் பக்கமே வராத அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "நீ கடைக்குப் போயிட்டு வா. இன்னிக்கு நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் திரும்பி வந்தபோது அடுப்பு மேடை பளபளவென்று துடைத்திருந்தது. அதுவே முதல் சந்தேகம். சமைத்த ஆண்பிள்ளை அடுப்பு மேடையைத் துடைத்து அவள் பார்த்ததில்லை.

"என்னங்க இது?"

"காடை. ஸ்டீபன்ராஜ் கொடுத்தான். மிளகு போட்டு வறுத்திருக்கேன், சாப்பிடு."

ஸ்டீபன்ராஜ் பட்டறையில் கூட வேலை செய்கிறவன். திருவெள்ளறைப் பக்கம் வயலும் தோப்புமாக இருக்கிற ஊர்க்காரன். கறி கருத்திருந்தது. எலும்பையெல்லாம் முன்கூட்டியே எடுத்திருந்தார். காடையின் எலும்பைக் கடித்துத் துப்புவதுதான் ருசியே. அதைப் போய் யார் உட்கார்ந்து எடுப்பார்கள்?

"நீங்க சாப்பிடலையா?"

"எனக்கு வயிறு சரியில்ல. நீ சாப்பிடு."

எதிரில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு மருந்து உள்ளே இறங்குகிறதா என்று தாய் பார்க்கிற பார்வை. அடுத்த ஞாயிறும் காடை. அதற்கடுத்த ஞாயிறும். அன்று அவருடைய கட்டைவிரலில் பிளாஸ்திரி இருந்தது. கேட்டதற்கு, "தகடு கிழிச்சிடுச்சு" என்றார். தகடு கிழிக்காத வாரம் கிடையாது என்பதால் அதையும் மறுக்க முடியவில்லை.

4

கடையில் கூட நிற்கும் வேலம்மாள் ஒருநாள் தன் கொழுந்தனாரைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அவருக்கும் இழுப்புதான். வௌவால் கறி கொடுத்தாங்க. அவருக்கு இன்னும் தெரியாது."

"தெரியாதுன்னா?"

"சாப்பிடறவங்களுக்குத் தெரியக் கூடாதுக்கா. கோழின்னு சொல்லுவாங்க, காடைன்னு சொல்லுவாங்க. தெரிஞ்சுட்டா மருந்து கேக்காது. சொன்னவங்க வாயாலயே மருந்து முறிஞ்சிடும்னு சொல்லுவாங்க."

உமாவின் கையிலிருந்த சேலை பாதி மடிப்பில் நின்றது.

அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் உளவு பார்க்கத் தொடங்கினாள். குப்பைப் பையைக் கிளறினாள். வண்டியின் பெட்டியைத் திறந்து முகர்ந்தாள். அவர் குளிக்கும்போது போனை எடுத்தாள். ஸ்டீபன்ராஜிடமிருந்து வந்த செய்தியில் "ஞாயிறு ரெண்டு இருக்கு" என்று மட்டும் இருந்தது. எது இரண்டு? நேருக்கு நேராகவே கேட்டாள்.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. அது காடைதானா?"

"காடைதான்."

"என் மேல சத்தியமா?"

"சோத்துல போய் எதுக்கு சத்தியம்? காடைதான் உமா."

அந்த வழக்கத்தின் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். உண்மையிலேயே காடையாக இருந்தால் "காடை" என்றுதான் சொல்வார். வௌவாலாக இருந்தாலும் "காடை" என்றுதான் சொல்வார். எத்தனை முறை கேட்டாலும் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. அன்பாக இருக்கிறவர் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு இதைத் தாங்க முடியவில்லை. ஒரு பெண்ணின் வாய்க்குள் போவது என்ன என்று அவளைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருப்பது அநியாயம்.*

* பழந்தின்னி வௌவாலைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. காத்தமுத்து வாய் திறக்காததற்கு அந்தப் பயமும் காரணமாக இருக்கலாம். உமா அப்படி நினைக்கவில்லை. நான் நினைத்தேன், இரண்டு நாள்.

5

இந்த இடத்தில் எனக்குக் காத்தமுத்துவின் மேல் சந்தேகம் வந்து எழுத்து நின்றுபோயிற்று. அவரைக் கொடுமைக்காரராக ஆக்கிவிடலாமா என்று பார்த்தேன். "அவர் கண்ணில் ஒரு வன்மம் மின்னி—" ஊஹூம். நான் படைத்த ஆளே என்னை முறைத்துப் பார்க்கிறார்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உமாவுக்கு இழுப்பு குறைந்துவிட்டது. மூன்றாவது ஞாயிற்றுக்குப் பிறகு படுத்துத் தூங்கினாள். வௌவால் கறிக்கு இழுப்பு போகும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. அதே மாதத்தில்தான் நெஞ்சு டாக்டர் அவளுடைய இன்ஹேலரை மாற்றிக் கொடுத்து, தினமும் தவறாமல் இழுக்கச் சொல்லியிருந்தார். என்னைக் கேட்டால் இன்ஹேலர்தான் என்பேன். காத்தமுத்துவைக் கேட்டால் லேசாகச் சிரிப்பார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பையும் அவள் சந்தேகக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டாள்.

எடுத்து வைத்திருந்த தகவல் இப்போது வருகிறது. உமா அதைத் தன் போனில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பாதிச் சோற்றோடு உட்கார்ந்து படித்தாள். தனக்கு என்ன ஆகும் என்று பார்க்கத்தான் தேடினாள். சில பழந்தின்னி வௌவால்களின் எச்சிலிலும் சிறுநீரிலும் நிபா போன்ற வைரஸ்கள் இருக்கக்கூடும். நன்றாக வெந்த கறியில் வைரஸ் செத்துவிடும். அதிகமான ஆபத்து தின்கிறவருக்கு இல்லை. உயிரோடு பிடிக்கிறவருக்கும் அறுக்கிறவருக்கும் தோலுரித்துக் கழுவுகிறவருக்கும்தான். கையில் காயம் இருந்தால் இன்னும் மோசம்.

அவள் அதை இரண்டாம் முறை படித்தாள். பிளாஸ்திரி ஒட்டிய கட்டைவிரல் ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் தன் வயிற்றுக்காகப் பயந்துகொண்டிருந்தவள், சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

6

காத்தமுத்துவுக்குக் காய்ச்சல் வந்தது அதற்கு நாலாம் நாள்.

(இப்படி எழுதும்போது என்னையே நான் நம்பவில்லை. திருச்சியில் காய்ச்சல் வர ஆயிரம் காரணம் இருக்கிறது. டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல். வௌவாலால்தான் வந்தது என்று நான் சொல்லவே இல்லை. கதைக்காரி காய்ச்சலை வரவழைத்தாள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

முதல் நாள் மாத்திரையோடு பட்டறைக்குப் போனார். இரண்டாம் நாள் தலைவலி தாங்காமல் சுவரில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலையில், தேதி கேட்டதற்குத் தப்பாகச் சொன்னார். உமா ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்.

டாக்டர் ரேஷ்மா சின்ன வயதுக்காரி. கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். கேரளாவில் அந்தச் சமயம் நிபா செய்தி ஓடிக்கொண்டிருந்ததால் வரிசையில் சில கேள்விகள் கூடியிருந்தன.

"சமீபத்துல கேரளா போனீங்களா?"

"இல்லங்க."

"வீட்டுல யாருக்காவது காய்ச்சல்?"

"இல்லங்க."

"பன்னி, வௌவால் இந்த மாதிரி ஏதாவது தொட்டீங்களா? கடிச்ச பழம் எதுவும் சாப்பிட்டீங்களா?"

காத்தமுத்து தலையைத் திருப்பி உமாவைப் பார்த்தார். காய்ச்சலில் சிவந்த கண், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்த அதே பார்வை.

"இல்லங்க" என்றார்.

உமாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த ஆள் சாகிற நிலையிலும் அவளுடைய மருந்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாரா? இல்லை, உண்மையிலேயே காடைதானா? அந்த "இல்லங்க"வை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

7

முடிவுகளை நான் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் கத்துகிறாள். "பொய் சொல்றாரு டாக்டர், வௌவால் அறுத்தாரு!" அவரோ "புள்ள பயத்துல உளறுது" என்று கண்ணை மூடிக்கொள்கிறார். பார்க்காததை எப்படிச் சாட்சி சொல்வது?

இன்னொன்றில் ஸ்டீபன்ராஜ் ஓடி வந்து, "காடைதாங்க, எங்க தோப்புல வளக்கறோம்" என்று கூண்டின் படத்தைக் காட்டுகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அழகிரிக்கு இது பிடித்திருந்தது. எனக்கு ஸ்டீபன்ராஜின் மேலும் சந்தேகம் இருப்பதால் அடித்துவிட்டேன்.

மூன்றாவதை நான் எழுதவில்லை. உமா தானாகச் செய்தாள். கட்டிலருகே குனிந்து அவர் நெற்றியில் கை வைத்தாள்.

"என்னங்க, எனக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதானே? நான் வெளியில போயிடறேன். கதவைச் சாத்திக்கறேன். டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க. நான் இனிமே ஜென்மத்துக்கும் கேக்க மாட்டேன்."

உமா டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், அந்தக் கடைசிக் கேள்வியை இன்னொரு தடவை கேளுங்க. அவரு என்ன சொன்னாலும் எங்கிட்ட சொல்ல வேணாம். எனக்கும் டெஸ்ட் எடுக்கணும்னா எடுங்க, எதுக்குன்னு சொல்லாம எடுங்க."

டாக்டர் ரேஷ்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினாள். உமா வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

8

இனி நானும் வெளியேதான். இதுவரை அவள் தோளுக்குப் பின்னாலேயே வந்தவள், அவளை விட்டுவிட்டு உள்ளே போக முடியாது.

பொய் சொல்வானேன், கதவில் காது வைக்க எனக்குக் கை கால் துறுதுறுக்கிறது. ஒட்டுக்கேட்டுத் தொடங்கிய கதை இது, ஒட்டுக்கேட்டே முடித்தால் பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் நாள்கணக்கில் குப்பையைக் கிளறி, போனைத் திறந்து, வண்டியை முகர்ந்தவள், கேட்கிற தூரத்தில் கூட நிற்காமல் வராந்தாவின் மறுகோடி வரைக்கும் நடந்து, தண்ணீர் டிரம் பக்கத்தில் சுவரைப் பார்த்து நிற்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் அவளைப் போல வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. தெரிந்தே தீர வேண்டும் என்றால் போங்கள், கதவு பூட்டவில்லை. அவளிடம் வந்து மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தண்ணீர் டிரம்முக்கு மேலே ஒரு கடிகாரம் இருக்கிறது. உமா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூச்சு சீராக வருகிறது, இழுப்பு இல்லை. "இல்லங்க" என்று சொல்ல ஒரு நொடி போதும். கதவைச் சாத்திப் பதினேழு நிமிடம் ஆகிவிட்டது.