முனி சொன்ன பதில்

சாந்தமதி டீச்சருக்கு வாய் நீளம். ஆனால் அந்த வாயில் பொய் மட்டும் வராது. கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்றால் சம்பந்தி முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். கொலையும் பொய்யும் ஆகாது என்று வளர்ந்த சமணக் குடும்பத்துப் பெண்மணி. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாதம் ஒரு தரம் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி, நீடாமங்கலம் தாண்டி இறங்கி, வரப்பில் நடந்து போவாள். அங்கே இடிந்த சிவன் கோயிலுக்குப் பின்னால், மூன்றடுக்குக் கல்குடைக்குக் கீழே கண்மூடி உட்கார்ந்திருக்கிறார் சமணர்களின் முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர். ஊர்க்காரர்களுக்கு அவர் மொட்டை முனி. நெற்றி நிறையக் குங்குமம் அப்பி, சிவப்புத் துணியைச் சுற்றிவிடுவார்கள். சாந்தமதி முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பால் ஊற்றுவாள்.

அன்று காலை சிலைக்கு முன்னால் ஒரு இளம்பெண் நின்றாள். ஒரு கையில் கால் கட்டிய சேவல், மறு கையில் அரிவாள்.

"அடிப்பாவி! நிறுத்தும்மா!" சாந்தமதி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "இவர் முனி இல்லம்மா. எறும்பைக்கூட மிதிக்காத மகான். இவர் முன்னால ரத்தமா?"

"கைய விடுங்க. என் மவ ஆஸ்பத்திரியில கெடக்குறா. மூளைக்காய்ச்சல். இது அவளுக்கு நேந்துக்கிட்ட சேவ." அந்தப் பெண் கயல்விழி, பக்கத்து ஊர்க்காரி. "சிவன் கோயிலுக்குள்ள எங்க பாட்டன் பூட்டன விட்டாங்களா? இவருதான் எங்களத் தொட விட்டாரு. இவரு எங்க சாமிங்க."

சாந்தமதிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிடித்த கையை விடவில்லை. கயல்விழியின் முகம் மெல்ல மாறியது.

"ரத்தம் ஆகாதா? போன செவ்வாக்கெழமயும் ஒண்ணு அறுத்தேனே! அதுக்குத்தான் கோவமா? அய்யோ, எம் புள்ளைய நானே..."

"அவருக்குக் கோபமே கிடையாதும்மா."

"அப்ப, அறுக்காம கேட்டா கொடுப்பாரா?"

கொடுப்பார் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த வாய் கேட்டால்தானே!

"அவர் எதையும் கேக்க மாட்டார், கொடுக்கவும் மாட்டார். நாங்க அவர்கிட்ட எதுவும் வேண்டிக்கிறதில்ல."

அரிவாள் கீழே விழுந்தது. கயல்விழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணில் இருந்த ஏதோ ஒன்று அணைந்துபோனதைச் சாந்தமதி பார்த்தாள்.

செல்போன் அடித்தது. கயல்விழி எடுத்துக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு. பாப்பா கண்ணத் தொறந்துட்டாளாம். முனி என்ன சொன்னாருன்னு கேக்குறாளாம். போன அவ காதுல வச்சிருக்காரு. எனக்கு வாய் வரலிங்க. நீங்களே சொல்லுங்க." போனைச் சாந்தமதியின் கையில் திணித்தாள்.

சாந்தமதி ஒரு கணம் அந்தக் கல்முகத்தைப் பார்த்தாள்.

"பாப்பா, முனி சரின்னுட்டாருடா கண்ணு. நீ எழுந்து ஓடி விளையாடுவியாம்."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண்குரல் உடைந்து வந்தது.

"யாருங்கம்மா நீங்க? போதுங்கம்மா... போயிட்டா. இப்பத்தான். கயலு கூட நிக்கிறாளா? சொல்லிராதீங்க. நான் ஓடியாந்துர்றேன். அதுவரைக்கும் சொல்லிராதீங்க."

சாந்தமதி போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"என்ன சொன்னா?" கயல்விழி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "பாப்பா என்னங்க சொன்னா?"

"சிரிச்சாம்மா."

கயல்விழி ஓவென்று அழுதபடி சிலையின் காலில் விழுந்தாள். நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாந்தமதியைப் பார்த்துச் சிரித்தாள்.

"கொடுக்க மாட்டாருன்னீங்களே, பாத்தீங்களா?"