தேதியை மட்டும் பார்த்தேன்

அம்மாவின் மூட்டு வலிக்குத் தண்ணீருக்குள் பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர். துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்பக்கம் சின்ன நீச்சல்குளம் கட்டித் தருவதாகச் சித்தப்பா அம்மையப்பன் சொன்னார். தன் கம்பெனி லைசென்ஸின் நகலை அப்பாவிடம் தராமல் என்னிடம் நீட்டினார்.

“நீ பாரும்மா. இந்த வீட்ல உன்னவிட இங்கிலீஷ் யாருக்குத் தெரியும்?”

பத்தாவதோடு பள்ளியை விட்ட என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. விசாவானாலும் அடையாள அட்டையானாலும் இங்கே காலாவதித் தேதியைத்தான் பார்ப்போம். அதையே பார்த்தேன். இன்னும் எட்டு மாதம் இருந்தது. “சரியா இருக்கு” என்றேன்.

குழி தோண்டிக் கம்பி கட்டியபோது நகராட்சி ஆய்வாளர் வந்து வேலையை நிறுத்தினார். கட்டட அனுமதியே வாங்கவில்லை. லைசென்ஸில் தேதிக்கு மேலிருந்த வரியைக் காட்டினார். சித்தப்பாவின் கம்பெனி குளங்களைச் சுத்தம் செய்யலாம், பராமரிக்கலாம். கட்டக் கூடாது.

“என்னடா இது?” என்றார் அப்பா.

“நான் மறைச்சேனாண்ணே? உன் பொண்ணு பாத்துட்டுத்தானே சரின்னா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சித்தப்பாவின் பக்கம் திரும்பினேன்.

“அப்பாகிட்ட குடுத்தா நாலு பேர்கிட்ட விசாரிப்பாருன்னுதானே எங்கிட்ட குடுத்தீங்க, சித்தப்பா?”

அவர் ஆட்களின் பக்கம் திரும்பி, “யல்லா, கிளம்புங்க, சாமானை ஏத்துங்க” என்றார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

“அவளுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க, தம்பி.”

சித்தப்பா வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார்.