பாறைக்கு அந்தப் பக்கம்

சட்டி ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. ஆனாலும் செல்லி இன்னொரு கை மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள். கை சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும். ஞாயிற்றுக்கிழமை. ஒகேனக்கல் முழுக்க ஜனம். அக்கரையில் பஸ்ஸும் காருமாக நின்றன, எண்ணெய் மசாஜ் போடுகிறவர்கள் ஆள் பிடிக்கக் கூவிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு நடுவே இருந்த இந்தத் திட்டுக்கு மட்டும் வெயில் ஏறியும் ஒரு பரிசல்கூட வரவில்லை.

திட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் மேடான மணல், ஒரு நீர்மருத மரம், மரத்தடியில் மூன்று கல் வைத்த அடுப்பு. மறுகோடியில் தரை சரிந்து ஆற்றில் இறங்குகிற இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு கரும்பாறை. மீனும் அரிசியும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு வருகிற பார்ட்டிக்கு இங்கே வைத்துச் சமைத்துப் போடுவது செல்லியின் பிழைப்பு. கூலி உண்டு. கூலி போக, அவர்கள் தின்று மிச்சம் வைக்கிறது சமைத்தவளுக்கு. அது இங்கே வழக்கம். அந்த மிச்சத்தை நம்பித்தான் பாறைக்கு அந்தப் பக்கம் அவளுடைய பெண்பிள்ளைகள் இரண்டும் ஒரு நசுங்கிய அலுமினியக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சின்னது ராமக்காள் காய்ச்சலில் கிடந்து எழுந்து இப்போதுதான் வாய்விட்டுச் சோறு கேட்கிறது. மீன் வேண்டுமாம். இன்றைக்கு உண்டு என்று செல்லி சொல்லியிருந்தாள்.

பிள்ளைகளைத் திட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது சென்னப்பனின் கட்டளை. பஸ் ஸ்டாண்டில் நின்று பார்ட்டி பிடித்துவந்து அடுப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறவன் அவன்தான். அவன் மனசு வைத்தால் அடுப்பு எரியும், இல்லையென்றால் பூனை படுக்கும். போன வாரம் சேலத்துப் பார்ட்டி ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ராமக்காள் மரத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் இலையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். சற்று நேரத்தில் அவர்களுடைய குழந்தை தின்றதையெல்லாம் கக்கியது. "பசிச்ச புள்ள கண்ணு வச்சா சோறு எப்படி ஒட்டும்?" என்று அந்த வீட்டு ஆள் குதித்தார். செல்லியும் அதை நம்புகிறவள்தான். தன் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது அவளும் கதவை ஒருச்சாய்த்துத்தான் போடுவாள்.

"இனிமே உன் வாண்டுங்க தல இங்க தெரிஞ்சுது, இந்த அடுப்புல வேற பொம்பள உக்காருவா" என்று சென்னப்பன் அன்றைக்கே சொல்லிவிட்டான். விட்டுவர அவளுக்கு எந்த வீடு இருக்கிறது? புருஷன் மாது கட்டட வேலைக்குப் பெங்களூர் போனவன், போனவன்தான். பென்னாகரத்து அக்கா வீட்டில் இரண்டு நாள் விட்டுப் பார்த்தாள். அக்காவின் மாமியார் பிள்ளைகளின் களி உருண்டையை அளந்து பார்த்த பார்வையில் செல்லியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இன்றைக்கு விடிந்ததும், சென்னப்பன் வருவதற்கு முன்னால், பரிசல்காரன் மாயவன் மூன்று பேரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டான். அவன் யாரிடமும் சொல்லமாட்டான்.

உச்சி வேளைக்கு அந்த மாயவன் பரிசலே திரும்பி வந்தது. சென்னப்பன் முதலில் குதித்தான். பின்னால் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர், கழுத்தில் கேமரா. அவர் மனைவி, ஏழெட்டு வயதில் ஒரு பெண், அழுது அழுது மூஞ்சி வீங்கிய ஒரு சின்னப் பையன். பெங்களூர்க்காரர்கள்.

"எத்தன ஓட்டல்தான் ஏறி இறங்கறது!" என்று அந்த அம்மாள் மணலில் கால் வைக்கும்போதே ஆரம்பித்தாள். "ஃபேமிலி ரூம்னு போர்டு போட்டிருக்கான். உள்ள போனா பிராந்தி வாசனையோட நாலு தடியனுங்க. இன்னொரு எடத்துல எதை வாயில வச்சாலும் காரம். கொழந்தைங்கள கூட்டிட்டு வர்றவங்க என்னதான் பண்ணுவாங்க? லீவுக்குன்னு வந்து பட்டினி கிடக்கறோம்."

"அதுக்குத்தாங்க இங்க கூட்டியாந்தேன்" என்று சென்னப்பன் பாயை உதறி விரித்தான். "மர நெழலு, சுத்தியும் தண்ணி, ஈ காக்கா கெடையாது. புள்ளைங்க ஓடி வெளையாடட்டும். செல்லி கைப்பக்குவத்துக்குப் பொறவு நீங்க எந்த ஓட்டலயும் எட்டிப் பாக்க மாட்டீங்க."

மீன் பையைச் செல்லியிடம் கொடுக்கும் சாக்கில் குனிந்தான். "புள்ளைங்க எங்க?"

"அக்கா வூட்டுல வுட்டுட்டேங்க."

"நெசமா?"

"நெசந்தாங்க."

நல்ல கெண்டை. செதில் சீவி, வயிறு கீறி, மஞ்சளும் உப்பும் போட்டு அலசினாள். பெரியவர்களுக்கு மிளகாய் அரைத்த மசாலா, குழந்தைகளுக்கு வெறும் மிளகும் உப்பும். பையன் அதற்குள் பாயில் புரண்டு அழ ஆரம்பித்துவிட்டான். அவன் பெயர் பாபு என்று அவன் அம்மா கத்திய கத்தலில் தெரிந்தது. உலை வைக்கத் தண்ணீர் வேண்டும். குடத்தை எடுத்துக்கொண்டு செல்லி பாறையைச் சுற்றிப் போனாள்.

பிள்ளைகள் பாறையில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தன. காலுக்குக் கீழே ஒரு சாண் தள்ளித் தண்ணீர் ஓடியது.

"மீனு வாசன வருதும்மா" என்றாள் ராமக்காள்.

"வரும். அவங்க சாப்பிட்டு எந்திரிச்சதும் உனக்குத்தான். தீத்தா, இங்க கேளு. எந்திரிச்சா பாறைக்கு மேல தல தெரியும். எந்திரிக்கக் கூடாது. இந்தப் பக்கம் திரும்பக் கூடாது, எட்டிப் பாக்கக் கூடாது. ஆத்தப் பாத்தே உக்காந்திருங்க. நான் வந்து கூப்பிடோணும், அப்பத்தான் திரும்போணும்."

"பாத்தா அந்தப் புள்ளைக்கு வாந்தி வரும், இல்லம்மா?" என்றாள் மூத்தவள் தீர்த்தம்மாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தங்கையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

சோறு கொதித்தது. குழம்பு கூடியது. கல்லில் மீன் விழுந்து பொரிகிற வாசனைக்குப் பையன் அழுகையை நிறுத்திவிட்டு அடுப்பருகே வந்து குந்தினான். அந்தப் பெண் மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கூழாங்கல் பொறுக்கிக்கொண்டே பாறைப் பக்கம் நடந்தது. செல்லி அடுப்படியிலிருந்தே கத்தினாள்.

"அங்க போவாத கண்ணு! பாம்பு கெடக்குது!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் துள்ளி எழுந்தாள். "பாம்பா? என்னங்க, பாம்பாம்!"

"எங்க? நான் பாக்கறன்" என்று சென்னப்பன் விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

"காலம்பர பாத்தங்க. தண்ணிப் பாம்புதான். அப்பவே ஆத்துல எறங்கிப் போயிருச்சு." செல்லி எழுந்து குறுக்கே வந்து நின்றாள். "சோறு ஆறுதுங்க. எல போடட்டுமா?"

இலை என்றதும் பையன் மறுபடியும் அழுதான். சென்னப்பன் கட்டையைப் போட்டுவிட்டு இலையை எடுத்தான். செல்லிக்கு உயிர் வந்தது.

கை கழுவத் தண்ணீர் வேண்டும் என்றார் கூலிங் கிளாஸ்காரர். இந்தமுறை அவள் பாறைப் பக்கம் போகவில்லை. பரிசல் நின்ற துறையிலேயே சொம்பைப் போட்டு மொண்டாள். சொம்புக்குள் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. ஒரு சருகும் கொஞ்சம் நுரையும் மிதந்தன.

மாயவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பரிசலை இழுத்து மேட்டில் போட்டான். அருவி இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "மேல மழையாட்டம் இருக்குது! தண்ணி கலங்குது! வெரசா முடிக்கச் சொல்லு!"

"ஏன்டா பயங்காட்டற?" என்றான் சென்னப்பன். "மணலு இவ்வளவு மேடா இருக்குது. இப்பவே முங்கிடப் போவுதா? சாப்பிடட்டும் நிம்மதியா."

மேட்டுக்கு ஒன்றும் ஆகாதுதான். செல்லியின் கண் பாறைக்குப் போனது. பாறை அப்படியே இருந்தது. தலை எதுவும் தெரியவில்லை. தெரியாததைப் பார்த்து முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு அதுவே பயமாக இருந்தது. கூப்பிட்டால்தான் கேட்குமா இந்த இரைச்சலில்? குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டடி வைத்தாள்.

"எங்கம்மா போற? இவனுக்கு முள்ளு எடுத்துக் குடேன்" என்றாள் அந்த அம்மாள். "எனக்கு மீன் முள்ளுன்னாலே பயம். நீ கைய நல்லா கழுவிட்டு வா."

"தண்ணி மொண்டாந்துட்டு..."

"தண்ணி அப்புறமாவும் மொண்டுக்கலாம். முதல்ல கொழந்த சாப்பிடட்டும்."

சென்னப்பன் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான். செல்லி கையைக் கழுவிக்கொண்டு இலைக்கு முன்னால் குந்தினாள். மீனைப் பிட்டு, முள்ளைத் தடவித் தடவி எடுத்து, சோற்றோடு பிசைந்து, சின்னச் சின்னதாக உருட்டி ஊட்டினாள். பையன் ஆவென்று வாயைத் திறந்தான். ஒரு வாய்க்கும் இன்னொரு வாய்க்கும் நடுவில் எழுந்து ஓடினான், மணலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான், மறுபடி வாயைத் திறந்தான். அவள் கை இங்கே, உயிர் அங்கே. வேகமாக உருட்டினாள்.

"மெதுவா குடும்மா, அடைச்சுக்கப் போகுது."

"சரிங்க."

"பாருங்களேன்" என்று அந்த அம்மாள் புருஷனிடம் சிரித்தாள். "வீட்ல ஒரு வாய் வாங்க ஒரு மணி நேரம் பண்ணுவான். இவ கையில எப்படிச் சாப்பிடறான் பாருங்க. பெரிய ஓட்டல்ல கூட யாரு இப்படிப் பண்ணுவாங்க? கொழந்தைங்களோட வர்றவங்களுக்கு இந்த மாதிரி எடந்தான் வேணும்."

அவர் கேமராவைக் கண்ணில் வைத்தார். "நீ கொஞ்சம் அந்தாண்ட சாய்ஞ்சுக்கம்மா. பாபு மொகம் மறைக்குது." செல்லி சாய்ந்துகொண்டு கையை மட்டும் நீட்டினாள்.

"உனக்குக் கொழந்தைங்க இருக்கா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள்.

செல்லியின் தொண்டை வரை வந்துவிட்டது. இருக்குதுங்க, அங்கதான் இருக்குதுங்க, போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேங்க. சொல்லியிருந்தால் அந்த அம்மாள் போ என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் சென்னப்பன் நாலடி தள்ளி மரத்தில் சாய்ந்திருந்தான். நாளைக்கும் அடுப்பு வேண்டும்.

"ரெண்டு இருக்குதுங்க. அக்கா வூட்டுல."

"பாவம், உன்ன விட்டுட்டு இருக்குமா?"

"இருக்குங்க. சொன்ன பேச்சு கேக்கும்."

துறைப்பக்கம் மாயவன் பரிசலை இன்னும் மேலே இழுக்கிற சத்தம் கேட்டது. காலையில் அவள் மிதித்துக் குளித்த கல்லைக் காணவில்லை. செல்லி கடைசி மீனைப் பிட்டாள். நடுமுள் வந்துவிட்டது, பக்க முள் வரவில்லை. மாரியாத்தா, மாரியாத்தா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். இந்தப் பையன் ஒழுங்காக விழுங்கிவிட்டால் போதும். இன்னும் ரெண்டு வாய். ரெண்டே வாய்.

"அம்மா, அதோ பாத்திரம் போகுது!" என்று அந்தப் பெண் ஆற்றைக் காட்டிக் கை தட்டியது.

பாறையின் ஓரத்திலிருந்து சுழன்று வெளியே வந்தது ஒரு அலுமினியக் கிண்ணம். நசுங்கிய கிண்ணம். செந்தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றி, வெயிலில் பளிச்சென்று மின்னி, இழுப்பில் போனது.

செல்லி கையிலிருந்த உருண்டையோடு எழுந்து ஓடினாள். பையன் திறந்த வாயை மூடாமல் வீறிட்டான். "ஏ, எங்க ஓடற? சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க இல்ல!" என்று சென்னப்பன் கத்தினான். அவள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு பாறை மேல் ஏறிக் குனிந்து பார்த்தாள்.

தீர்த்தம்மாள் உட்கார்ந்துதான் இருந்தாள். தண்ணீர் அவள் மார்புவரை வந்திருந்தது. தங்கையை மடியில் மண்டியிட வைத்து, தலை மேலே தெரிந்துவிடாதபடி தோளோடு அழுத்திப் பிடித்திருந்தாள். ஒரு கையால் அவள் கண்ணைப் பொத்தியிருந்தாள். இன்னொரு கை பாறை வெடிப்பில் முளைத்திருந்த செடியைப் பிடித்திருந்தது. அம்மா மூச்சு வாங்குவது தலைக்கு மேல் கேட்டும் அவள் ஆற்றைப் பார்த்தபடியே இருந்தாள்.

"யம்மா, அவங்க சாப்ட்டு முடிச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். பல் தந்தியடித்தது. "திரும்பட்டுமா?"